சிங்கராயர் சாமி இறந்திருந்த முப்பது நாள்

ஓடைக்கல் ஆசீர்வாதப்பர் மடத்தின் நான்காவது அதிபரும், அந்த வட்டாரத்துத் திருச்சபையின் வரலாற்றை நான்கு தொகுதிகளாக எழுதியவரும், மூன்று முறை பதவி விலகல் கடிதம் கொடுத்து மூன்று முறையும் "இன்னும் கொஞ்ச நாள் இருங்க சாமி" என்று திருப்பி அனுப்பப்பட்டவருமான சிங்கராயர் சாமி, தம் எழுபத்தொன்பதாவது வயதில், ஒரு வியாழக்கிழமை மதியம், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் இறந்துபோனார்; இறந்த பிறகு ரசத்தையும் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார்.

அந்த மடத்தில் சாப்பாட்டு வேளையில் யாரும் பேசக் கூடாது. ஒருவர் நின்று வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். முதலில் மறைந்தோர் ஏட்டை எடுத்து, அதே தேதியில் முன்பொரு வருடம் இறந்துபோன துறவிகளின் பெயரைச் சொல்வார்கள், எல்லோரும் ஒரே குரலில் அவருக்கு நித்திய இளைப்பாற்றியைக் கேட்டு மன்றாடுவார்கள், பிறகுதான் சோற்றில் கை வைப்பார்கள் என்பது விதி. ஆனால் அன்று வாசிக்க வேண்டிய வியாகப்பன் பிரதருக்கு மூக்குக்கண்ணாடி கிடைக்கத் தாமதமாகி, சாம்பார் பாதி இறங்கிய பிறகுதான் ஏடு திறக்கப்பட்டது. பன்னிரண்டு வருடமாக அதே ஏட்டை வாசித்து வாசித்து, கண் வேறெங்கோ பார்க்க வாய் மட்டும் வாசிக்கப் பழகிவிட்ட வியாகப்பன், "இந்நாளில் நம் அதிபர் சிங்கராயர்" என்று வாசிக்க, பதினொரு துறவிகளும் தலை நிமிராமல் மன்றாடி முடிக்க, அவர்களோடு சேர்ந்து சிங்கராயர் சாமியும் மன்றாடி, ஆமென் சொன்னார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஏட்டில் இருந்தது அவருடைய கையெழுத்து. அந்த ஏட்டை எழுதிவருபவரும் அவர்தான். நான் எழுதவில்லை என்று அவர் சொன்னார், பொய் சொல்லும் ஆள் இல்லை என்பதால் எல்லோரும் நம்பினார்கள். மை என்றோ காய்ந்திருந்தது.

சாயங்காலம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் தில்ஷாத் ஸ்கூட்டியில் வந்தாள். ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்தாள், முதுகில் வைத்தாள், கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்தாள்.

"ஒண்ணுமே கேக்கலையே சாமி."

"எனக்கும் ரொம்ப நாளா அப்படித்தாம்மா இருக்கு."

"வெளையாடாதீங்க. நெஜமாவே துடிப்பு இல்ல."

"வலிக்குதான்னு கேளு."

"வலிக்குதா?"

"இல்ல. அலுப்பா இருக்கு."

அவள் படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள். இறந்தவர் உட்கார்ந்திருக்கிறாரா படுத்திருக்கிறாரா என்று கேட்கும் கட்டம் எதுவும் அதில் இல்லாததால், மூப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மடத்துப் பாலில் போட்ட காப்பியை அவரோடு உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனாள்.

சிங்கராயர் சாமிக்கு அன்றைக்கு வந்த முதல் எண்ணம், இனி நான்காவது கடிதம் எழுத வேண்டியதில்லை என்பது. இருபத்தாறு வருடம் அதிபர் வேலை. கிணற்று மோட்டார், கூரை ஓடு, கோபித்துக்கொண்டு பேசாமலிருக்கும் துறவிகள், இவற்றுக்கு நடுவே பழைய பதிவேடுகளின் தூசி. ஐந்தாவது தொகுதியை எப்போது எழுதுவீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அடுத்த வருடம் என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே தேய்ந்துபோயிருந்தது. படுத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. துணை அதிபர் மதலைமுத்து சாமி, நடமாடுகிறவரைப் புதைக்கலாமா என்று ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டார். இதற்கு முன்மாதிரி இல்லை, முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் வழக்கப்படி செய்யவும் என்று பதில் வந்தது. மடத்துக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியாயிற்று. அன்றைக்கு அவரே நடந்து போய்ப் படுத்துக்கொள்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அவரும் நினைத்தார்.

இறந்த மறுநாள் மதியம், சாப்பாட்டு மேசையில் அவருடைய இடத்தில் ஒரு மரச்சிலுவை நின்றது.

"தப்பா நெனைக்காதீங்க சாமி," என்றார் மதலைமுத்து, முகம் சுருங்கி. "செத்தவரோட இடத்துல முப்பது நாளைக்குச் சிலுவைதான் இருக்கணும். அவரோட பங்கு வாசல்ல நிக்கிற ஏழைக்குப் போகணும். நீங்க எழுதுன வழக்கப் புத்தகந்தான்."

"நாப்பத்தோராம் பக்கம்," என்றார் சிங்கராயர். வழக்கத்தை மீற அவருக்கும் மனமில்லை. ஆனால் செத்தவருக்கும் பசித்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போன வியாகப்பன் பிரதரின் பின்னாலேயே அவரும் போனார்.

வாசலில், இலவம் மரத்தடியில், காயை உடைத்துப் பஞ்சிலிருந்து விதை பிரித்துக்கொண்டு அமலோற்பவம் உட்கார்ந்திருந்தாள். எழுபத்து மூன்று வயது. பஞ்சு உரித்துத் தலையணை தைத்துக் கொடுப்பவள். மடத்தில் யார் செத்தாலும் அந்த முப்பது நாள் தட்டு அவளுக்குத்தான் என்பது எழுதாத ஏற்பாடு.

"எனக்கு நீங்க அஞ்சாவது சாமி," என்றாள், தலைமுடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டியபடி. "லூர்து சாமி செத்தப்பதான் வசமாச் சாப்பிட்டேன். வாரத்துக்கு ரெண்டு முட்ட. சந்தியாகு சாமி தவக்காலத்துல போயிட்டாரு, முப்பது நாளும் வெறுங்கஞ்சி. நீங்களாச்சும் நாளுகெழம பாத்துச் செத்தீங்களே."

வியாகப்பன் திகைத்து நின்றார். "ஒரு தட்டுதான் இருக்கு, ரெண்டு பேரு இருக்கீங்களே."

"அவரு பங்கு, அவரும் திங்கட்டும். வாழ எலய அறுத்துட்டு வாங்க பிரதர், சும்மா நின்னுக்கிட்டு இருக்காம."

அப்படித்தான் அவர் தம் பங்கில் பாதியை இலையில் வாங்கித் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். யாரைப் பார்த்தாலும் பெயரும் தகப்பன் பெயரும் கேட்கிற பழக்கம் வரலாறு எழுதுகிறவருக்கு உண்டு. ஐம்பது வருடமாக அவளை வாசலில் பார்த்தும் கேட்டதில்லை, அன்று கேட்டார்.

"சேசம்மா மக சாமி. வேதத்த விட்டுட்டு ஓடிப்போனாளே, அந்தச் சேசம்மா. ஒங்க ரெண்டாவது பொஸ்தகத்துலயே இருக்குதாமே. வாத்தியாரு வாசிச்சுக் காட்டுனாரு. எனக்கு அஞ்சு வயசு, என்னய விட்டுட்டுப் போயிட்டா."

சிங்கராயர் சாமியின் வாயில் சோறு நின்றது.

அவர் எழுதியதுதான். நாற்பத்தேழாம் வருடக் காலரா பற்றிய அத்தியாயத்தில், "சேசம்மாள் என்ற விதவை வேதத்தை விட்டு ஊரைவிட்டு நீங்கினாள்" என்று பங்குப் பதிவேட்டைப் பார்த்து எழுதினார். பதிவேட்டில் அதை எழுதியவர் அப்போது பங்கு சாமியாராக இருந்த கபிரியேல் சாமி. பிற்பாடு இந்த மடத்தைத் தொடங்கியவர். புனிதர் பட்டத்துக்காக இன்று ரோமாபுரிக்குப் போயிருக்கும் காகிதங்களில் பெயர் உள்ளவர். புத்தகம் வந்த இரண்டாம் வருடம், எண்பத்தைந்தில், பழைய கட்டுகளுக்குள் கபிரியேல் சாமி தம் ஞானகுருவுக்கு எழுதி அனுப்பாமலே வைத்திருந்த ஒரு கடிதம் சிங்கராயர் கையில் கிடைத்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: காலரா கண்டவர்களை ஓடைக்கு அக்கரையில் ஓலைக்கொட்டகை போட்டு வைத்திருந்தார்கள், அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஊரில் ஒருத்திதான் போனாள், சேசம்மாள், அவளுக்கும் கண்டுவிட்டது, மூன்று நாள் என்னைக் கூப்பிட்டு ஆளனுப்பினாள், நான் இக்கரையில் நின்றேன், பயந்தேன், போகவில்லை, வெளியூர் ஆட்கள் வந்து முகம் பாராமல் அவசரத்தில் எல்லோரையும் ஒரே குழியில் போட்டார்கள், செத்தாள் என்று எழுதினால் சாகும் முன் சாமியார் கொடுக்க வேண்டிய நோயில்பூசுதலை ஏன் கொடுக்கவில்லை என்று எழுத வேண்டிவரும், ஆகவே போய்விட்டாள் என்று எழுதினேன், கூப்பிடுகிறவனுக்குக் கதவு மூடாத ஒரு வீட்டைக் கட்டிவிட்டுச் சாக வேண்டும். கடிதம் அங்கே முடிந்திருந்தது.

சிங்கராயர் அதை அப்போதைய அதிபரிடம் கொண்டுபோனார். அவர் வாசித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்து, "கீழ்ப்படிதலின் பெயரால் சொல்கிறேன், இதைப் பற்றி நீர் யாரிடமும் பேசக் கூடாது," என்றார். சிங்கராயர் தலைவணங்கினார். அந்த அதிபர் இறந்தார், அடுத்தவரும் இறந்தார், தாமே அதிபரானார். ஆனாலும் கட்டளை கட்டளைதான் என்று தமக்குச் சொல்லிக்கொண்டார். ஐந்தாவது தொகுதி வராமல் போனதற்குக் காரணம் மோட்டாரும் ஓடும் அல்ல.

இப்போது அந்த மகள் அவருடைய பங்கில் பாதியைத் தின்றுவிட்டு, "ரசத்துல புளி தூக்கல்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஊரில் செய்தி பரவியிருந்தது. சாமி இறந்தும் நடமாடுகிறார் என்பதில் ஓடைக்கல்காரர்களுக்குப் பெரிய வியப்பு எதுவும் இல்லை. இறந்துவிட்டார் என்றால் அந்தப் பக்கம் போகப் போகிறார், இன்னும் போகவில்லை என்றால் சொல்லி அனுப்பலாம், அவ்வளவுதான். முதலில் பால்காரர் வந்தார், செத்த மனைவியிடம் பெரியவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, மாப்பிள்ளை மின்வாரியம் என்று சொல்லச் சொன்னார். மறுநாள் ஏழு பேர் வந்தார்கள், அதற்கு மறுநாள் வரிசை பஸ் நிறுத்தம்வரை நின்றது. மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவர்கள் ஜீப் பிடித்து இறங்கி வந்தார்கள். டீக்கடை ஒன்று முளைத்தது. வியாகப்பன் பிரதர் பேச்சறையில் ஒரு பெஞ்சைப் போட்டு, ஆண்களுக்குக் காலையும் பெண்களுக்கு மாலையும் என்று எழுதி ஒட்டினார், பெண்கள் இரண்டு வேளையும் வந்தார்கள். பட்டாவை எங்கே வைத்தாய் என்று கேளுங்கள், உன் தம்பியோடு பேசிவிட்டேன் என்று சொல்லுங்கள், கனவில் வந்து நிற்கிறாயே எதற்கு என்று கேளுங்கள், இரண்டாந்தாரம் கட்டினது நான் இல்லை என் விதி என்று பக்குவமாகச் சொல்லுங்கள். சிலுவை போடத் தெரியாதவர்களும் வந்தார்கள்.

"சாமி, நாங்க ஐயனாரு கும்புடுறவங்க. எங்க அண்ணன் ஒங்க கண்ணுல படுவானா?"

"தெரியலப்பா. பேரச் சொல்லு, எழுதிக்கிறேன்."

வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அங்க எல்லாரும் ஒண்ணா இருக்காகளா, இல்ல அங்கயும் மேலத்தெரு கீழத்தெருன்னு தனித்தனிக் கல்லறையா?" சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. சிங்கராயர் பேனாவை வைத்துவிட்டு, கேட்டவனைப் பார்த்து, "அத நான் இங்கயே கேட்டிருக்கணும்," என்றார்.

எல்லாவற்றையும் அவர் எழுதிக்கொண்டார். ஐம்பது வருடம் பதிவேட்டில் இருப்பதை மட்டுமே எழுதியவர், பதிவேடு ஒன்றிலும் இல்லாத பெயர்களாகவே வந்து விழுவதைப் பார்த்தார். அம்மைக்குச் செத்தவர்கள், கிணறு வெட்டும்போது செத்தவர்கள், பெயர் வைக்கும் முன் செத்தவர்கள். நான்கு தொகுதிகளிலும் இவர்களில் ஒருவர்கூட இல்லை. எழுத எழுதக் கை வலித்தது, இறந்தவருக்கு வலிக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அமலோற்பவம் மட்டும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு நாள் அவரே கேட்டார்.

"ஒனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாமா?"

"இருக்கு. கடைசி நாளு சொல்றேன். முன்னாடியே சொன்னா மறந்துருவீங்க, இம்புட்டுப் பேரு சொல்றாங்கள்ல."

மறக்க முடியாது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கட்டளை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். முப்பதாம் நாள் போய்ப் படுத்துவிட்டால் கேள்வியும் தம்மோடு குழிக்குள் வந்துவிடும் என்றும் நினைத்தார், நினைத்ததற்காக வெட்கப்பட்டார், வெட்கப்படவும் அலுப்பாக இருந்தது.

இருபத்தோராம் நாள், மதலைமுத்து சாமி ஒரு காகிதத்தோடு வந்தார். கபிரியேல் சாமியின் புனித வாழ்வுக்கு வரலாற்றாசிரியர் என்ற முறையில் சாட்சி சொல்லும் பத்திரம் அது.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா ரோமாபுரிக்கு அனுப்பிரலாம் சாமி." சொல்லிவிட்டுத் தாமே தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, செத்தவரு கையெழுத்து செல்லாதுல்ல. போடுங்கன்னு சொல்றதுக்கும் எனக்கு அதிகாரம் இல்ல. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு சாகுற வரைக்குந்தான?"

மதலைமுத்து வேடிக்கையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருபத்தொரு நாளாக எந்தக் கட்டளையும் சிங்கராயரைக் கட்டவில்லை. மார்பில் துடிப்பு நின்றதைவிட இது அவருக்குப் பெரிய வெறுமையாக இருந்தது, ஒளிந்துகொள்ள ஒரு சுவர்கூட மிச்சமில்லாத வெறுமை. அப்படியும் எட்டு நாள் பேசாமலிருந்தார். முப்பது வருடம் அவரைப் பேசவிடாமல் செய்தது கட்டளை அல்ல என்பதை அந்த எட்டு நாளும் காட்டின.

இருபத்தொன்பதாம் நாள் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு அமலோற்பவம் சொன்னாள்.

"எங்கம்மாவப் பாத்தீங்கன்னா ஒண்ணே ஒண்ணு கேளுங்க சாமி. போனது போன, என்னயத் தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல? இடுப்புல வச்சா பாரமா நான்? அவ்வளவுதான். வையாதீங்க. கேட்டாப் போதும்."

அவர் சொன்னார். தலைகுனிந்து, பதிவேடு வாசிப்பதுபோல ஒரே குரலில், ஓடையையும் கொட்டகையையும் மூன்று நாள் கூப்பிட்டதையும் சொன்னார். அவள் பஞ்சை உரித்துக்கொண்டே கேட்டாள். எந்த இடத்தில் கை நின்றது என்று அவர் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது நின்றிருந்தது.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எண்பத்தஞ்சுல."

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "எனக்கு அப்ப நாப்பத்து மூணு. என் மகளுக்குப் பாத்த எடமெல்லாம் தட்டிப்போன வருசம். ஓடுகாலி பேத்தின்னு." மடக்கிய விரலைப் பிரித்தாள். "நான் வஞ்சேன் சாமி. தெனமும் வஞ்சேன். சாணி தட்டும்போதும் வைவேன். ஒரு நா ரெண்டு நாளா. அறுவத்தெட்டு வருசம்."

"என்ன மன்னிச்சிரும்மா."

"அத நாளைக்குப் பாப்போம்." அவள் எழுந்தாள். "எங்கம்மாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அவகிட்டச் சொல்ல வேண்டியத நானே போயிச் சொல்லிக்கிறேன், எனக்கும் நாளாகாது. நீங்க இங்க இருக்கவுககிட்டச் சொல்லுங்க."

முப்பதாம் நாள் கோயில் கொள்ளாத கூட்டம். கடைசி நேரத்தில் நினைவு வந்த செய்திகளைக் கையில் துண்டுத்தாளாக வைத்திருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் சவப்பெட்டி திறந்து வெறுமையாக இருந்தது, அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியில் சிங்கராயர் சாமி உட்கார்ந்திருந்தார். மறையுரைக்கு மதலைமுத்து எழுந்தபோது அவரும் எழுந்தார்.

"சாமி, செத்தவங்க பிரசங்கம் வைக்கிற வழக்கம் இல்ல," என்று மதலைமுத்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கூடாதுன்னும் எழுதலயே, மதலை."

அவர் கபிரியேல் சாமியின் கடிதத்தை வாசித்தார். பிறகு தாம் எழுதிய புத்தகத்தின் அந்த வரியை வாசித்தார், இது பொய் என்றார், இதை எழுதும்போது எனக்குத் தெரியாது, தெரிந்த பிறகு முப்பது வருடம் சும்மா இருந்தேன், ஆகவே இதை எழுதியவன் கபிரியேல் சாமி பாதி, நான் பாதி என்றார். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "அப்ப நம்ம சாமி புனிதர் ஆக மாட்டாரா?" என்று கேட்டார். "பயந்த மனுசன், பயந்தேன்னு எழுதியும் வச்ச மனுசன். அது போதுமான்னு எனக்குத் தெரியாது," என்றார் சிங்கராயர். இரண்டு மூன்று குடும்பங்கள் வெளியே போயின. மதலைமுத்து சாமி பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், பத்து வருடமாக ரோமாபுரிக்குக் காகிதம் கட்டியவர் அவர். பெண்கள் பக்கத்தில் அமலோற்பவத்தைச் சுற்றி மட்டும் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருந்தது, என்றைக்கும் விட்டிருக்கும் இடம்தான். வாத்தியாரின் மனைவி நகர்ந்து வந்து அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அமலோற்பவத்தின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

பூசை முடிந்து எல்லோரும் குழியின் பக்கம் நடக்க, அமலோற்பவம் எதிர்த்திசையில் நடந்தாள். சிங்கராயர் சாமி பெட்டியைப் பார்த்தார், அந்த வெள்ளைத் துணியும் தலையணையும் அவ்வளவு ஆசையாக இருந்தன, ஆனாலும் அவள் பின்னால் போனார். ஓடையில் தண்ணீர் இல்லை. அக்கரையில், கொட்டகை இருந்ததாகக் கடிதம் சொன்ன இடத்தில், யாரோ மக்காச்சோளம் போட்டு அறுத்திருந்தார்கள், தட்டை மட்டும் நின்றது.

"இங்கயா?"

"இந்தப் பக்கந்தான். துல்லியமா எந்த இடம்னு தெரியல."

"செபம் பண்ணுங்க."

"செத்தவன் மந்திரிச்சாச் செல்லுமான்னு தெரியலம்மா."

"செல்லுறதும் செல்லாததும் அவ பாத்துக்குவா. அவளக் கூப்புட்டு யாரும் வரலேல்ல, இப்ப ஒரு சாமியாரு வந்திருக்காரு, அம்புட்டுத்தான்."

அவர் மன்றாடினார். பாதியில் அவர் நிறுத்த, மீதியை அவள் சொன்னாள். முடிந்ததும், "போங்க சாமி. போயிப் படுங்க. நிக்க முடியாம நிக்கிறீங்க," என்றாள். அதில் மன்னிப்பு இருந்ததா என்று அவர் தேடவில்லை. போகவும் இல்லை. சோளத்தட்டைகளை ஒதுக்கித் தரையில் உட்கார்ந்து, அங்கியின் பையிலிருந்து நோட்டை எடுத்துத் தொடையில் விரித்தார்.

"ஒங்கம்மா எப்படி இருப்பாங்க?"

"அஞ்சு வயசுல என்ன தெரியும் எனக்கு? மொகமே நெனப்பில்ல."

"தெரிஞ்சதச் சொல்லு."

அவள் யோசித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, இன்னும் யோசித்தாள்.

"காது," என்றாள் கடைசியில். "காது நல்லாத் தொங்கும். தண்டட்டி போட்டு வளத்த காது. தண்டட்டி வித்துட்டாக, ஓட்ட மட்டும் இருக்கும். என்னய இடுப்புல வச்சுக்கிட்டு நடக்கும்போது, நான் அந்த ஓட்டைக்குள்ள வெரல விட்டுப் புடிச்சுக்குவேன், விழுந்துராம இருக்க. வலிக்குதுடின்னு சொல்லுவா. எடுக்கச் சொல்ல மாட்டா."

அவர் எழுதினார். ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்.

ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெறும்பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறவிகள் வந்துகொண்டிருந்தார்கள், பின்னால் ஊர், முன்னால் வியர்த்துப்போய் மதலைமுத்து சாமி. "சாமி, நேரமாச்சு, வெயில் ஏறுது, குழி மண்ணு காயுது," என்று அவர் தூரத்திலிருந்தே கூப்பிட்டார்.

அமலோற்பவம் திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டினாள்.

"செத்த இருங்கய்யா. எங்கம்மாவப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."

அவர்கள் பெட்டியை ஓடை மணலில் இறக்கி வைத்துவிட்டு இருந்தார்கள்.